ஓடுபாதைக்கு 90 ஏக்கர், எடுப்பது 5,746 ஏக்கர்

போன ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்தில் எங்கள் வாசிப்பு வட்டம் கூடியது. பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் பரந்தூரில் வந்து நின்றது. சிவில் என்ஜினியரிங் படிக்கிற ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, ஓடுபாதை நாலு கிலோமீட்டர்தானே? அதுக்கு எதுக்கு அய்யாயிரத்துச் சொச்சம் ஏக்கர்?"

யாரிடமும் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. நான்கு வருடமாக "பரந்தூர் மக்களோடு நிற்போம்" என்று முகநூலில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இந்த எளிய கேள்வியை ஒருநாளும் எனக்குள் கேட்டுக்கொண்டதில்லை. வெட்கமாக இருந்தது. அருமனைக்குத் திரும்பி வந்த அன்று இரவே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீங்களும் என்னோடு போட்டுப் பாருங்கள்.

பரந்தூரில் திட்டமிடப்பட்டிருப்பவை இரண்டு இணை ஓடுபாதைகள். ஒவ்வொன்றும் 4,040 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம். பெருக்கினால் 1,81,800 சதுர மீட்டர். ஒரு ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். ஆக ஒரு ஓடுபாதைக்கு 45 ஏக்கர், இரண்டுக்கும் சேர்த்து 90 ஏக்கர். எடுக்கப்போவதாக அரசாணை சொல்வது 5,746 ஏக்கர். நூற்றுக்கு இரண்டு ஏக்கர்கூட ஓடுபாதை இல்லை.

"அதெப்படி, வெறும் ஓடுபாதை போதுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஓடுபாதையைச் சுற்றிலும் பாதுகாப்புப் பட்டை வேண்டும். நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 140 மீட்டர், இரு முனைகளிலும் 60 மீட்டர் என்று வைத்தால் இரண்டு ஓடுபாதைக்கும் சேர்த்து ஏறத்தாழ 575 ஏக்கர் வரும். இரண்டும் ஒன்றையொன்று தடுக்காமல் ஒரே நேரத்தில் இயங்க, இடையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும். அது இன்னொரு ஆயிரம் ஏக்கர். டெர்மினல், விமானம் நிறுத்துமிடம், சரக்குக் கிடங்கு எல்லாம் வேண்டும். எல்லாவற்றையும் கூட்டுங்கள். கூட்டிவிட்டு லண்டன் ஹீத்ரோவைப் பாருங்கள். அங்கும் இரண்டு இணை ஓடுபாதைகள்தான். ஒன்று 3,902 மீட்டர், மற்றது 3,660 மீட்டர். வருடத்துக்கு 8 கோடிப் பேருக்கு மேல் வந்துபோகும் அந்த விமான நிலையத்தின் மொத்த நிலமே ஏறக்குறைய 3,000 ஏக்கர். அதே லண்டனின் கேட்விக்கில் ஒரே நேரத்தில் ஒரு ஓடுபாதைதான் இயங்குகிறது. ஏறக்குறைய 1,700 ஏக்கரில் வருடம் 4 கோடிப் பேரைக் கையாளுகிறார்கள்.

பரந்தூரின் இறுதி இலக்கு வருடத்துக்கு 10 கோடிப் பயணிகள். சரி, ஹீத்ரோவைவிடக் கொஞ்சம் கூடுதல் என்றே வைப்போம். அதற்கு ஹீத்ரோவைப் போல இரண்டு மடங்கு நிலம் எதற்கு? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஏகனாபுரத்து மக்கள் இல்லை.

ஓடுபாதை ஏன் நீளமாகிறது?

அடுத்து நீளத்துக்கு வருவோம். "உலகத் தரத்தில் நாலு கிலோமீட்டர் ஓடுபாதை" என்று சொல்லும்போதே பலருக்கு நெஞ்சு நிமிர்கிறது. நீளம் பெருமைக்காக வருவதில்லை, அதற்கு இயற்பியல் காரணங்கள் உண்டு. விமானம் எவ்வளவு கனமோ, அவ்வளவு வேகம் பிடித்தால்தான் மேலெழும். முழு எரிபொருளும் முழு ஆட்களும் சரக்குமாகக் கிளம்பும் பெரிய விமானம் 350, 400 டன் இருக்கும். வெயில் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும். இறக்கைக்குப் பிடிமானம் குறையும், இன்ஜினின் உந்துவிசையும் குறையும். கடல்மட்டத்திலிருந்து உயரமான இடமென்றால் இன்னும் மோசம். வேகம் பிடித்த பிறகு கடைசி நொடியில் கோளாறு தெரிந்தால், பிரேக் பிடித்து நிற்கவும் இடம் வேண்டும். இதனால்தான் வெயிலும் உயரமும் தூரப்பயணமும் சேரும் இடங்களில் 4,000 மீட்டரைத் தாண்டுகிறார்கள். அமெரிக்காவின் டென்வரில் 4,877 மீட்டர், கத்தாரின் தோஹாவில் 4,850 மீட்டர். நம் நாட்டில் டெல்லியில் 4,430, ஹைதராபாத்தில் 4,260, பெங்களூரில் 4,000.

ஆனால் மும்பையைப் பாருங்கள். அதன் முக்கிய ஓடுபாதை 3,450 மீட்டருக்கும் குறைவு. ஏ380 என்ற உலகின் மிகப்பெரிய பயணிகள் விமானம் அங்கே இறங்கி ஏறுகிறது. நியூயார்க்குக்கு நிற்காமல் போகும் விமானங்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. மும்பையிலும் வெயில்தான். சென்னை மீனம்பாக்கத்தின் முக்கிய ஓடுபாதை 3,658 மீட்டர், அதாவது மும்பையைவிட நீளம். ஆகவே "சென்னையில் ஓடுபாதை நீளம் போதாது" என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சென்னைக்கு ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்க மாட்டேன். அங்குள்ள இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டுகின்றன. இரண்டையும் தனித்தனியாக ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது. கூட்டம் கூடிக்கொண்டே போனால் இடம் போதாமல் போகும். இரண்டாவது விமான நிலையம் வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அவரை நான் மக்கள் விரோதி என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெருவே கிடையாது. ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவனின் மகன் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, மஸ்கட்டில் வெல்டிங் வேலை பார்த்து, ஓலைக்குடிசையை வார்ப்பு வீடாக மாற்றியிருக்கிறான். விமானம் பணக்காரனுக்கு மட்டும் என்று பேசுகிற தோழர்கள் அருமனைக்கு வந்து பார்க்க வேண்டும்.

எனவே சண்டை விமானத்தோடு இல்லை. யாருடைய நிலத்தில், எந்தச் சட்டத்தின்படி, யாரைக் கணக்கில் எடுத்து, யாரை விட்டுவிட்டு என்பதுதான் சண்டை.

நீளமான ஓடுபாதைகளின் வரலாறு

உலகின் மிக நீளமான ஓடுபாதைகளில் ஒன்று தென்னாப்பிரிக்காவின் அப்பிங்டன் என்ற சிறு நகரத்தில் கிடக்கிறது. களஹாரி பாலைவனத்தின் ஓரம். நீளம் 4,900 மீட்டர். அந்த ஊருக்கு அவ்வளவு பெரிய ஓடுபாதை ஏன்? 1963 முதல் ஆப்பிரிக்க நாடுகள் பல, நிறவெறி அரசின் விமானங்கள் தங்கள் வானில் பறக்கக்கூடாது என்று தடுத்தன. அதனால் அந்த விமானங்கள் கண்டத்தின் மேற்குப் புடைப்பைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பா போகவேண்டியிருந்தது. தூரம் கூடியது, எரிபொருள் கூடியது. ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் முழுப் பாரத்தோடு போயிங் 747 அங்கிருந்து கிளம்புவது கடினம். அப்பிங்டனின் ஓடுபாதை முழுப் பாரத்தோடு 747 எழும்பும்படி அமைக்கப்பட்டது. உலகம் கதவைச் சாத்தியபோதும் நிறவெறி அரசு தன் மக்களுக்குச் சமத்துவம் தரவில்லை. ஓடுபாதையை நீட்டி வேலையைப் பார்த்துக்கொண்டது.

இன்னொன்று நமக்குப் பக்கத்துக் கடலில். இந்தியப் பெருங்கடலின் டியேகோ கார்சியா தீவு. ஏறக்குறைய 3,650 மீட்டர் நீளமுள்ள இராணுவ ஓடுபாதை. அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானங்கள் அங்கிருந்து கிளம்பி ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் குண்டு போட்டன. அந்தத் தளத்துக்காக 1968 முதல் 1973 வரை சாகோஸ் தீவுக்கூட்டத்தின் மக்கள் அனைவரும் பிரிட்டனால் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் யார்? தென்னந்தோப்பு வேலைக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள், இந்தியக் கூலிகளின் வழித்தோன்றல்கள். அவர்களிடம் பட்டா இல்லை. அவர்கள் மண்ணின் மக்களே இல்லை, ஒப்பந்தக் கூலிகள்தான் என்று ஆவணம் எழுதி வெளியேற்றினார்கள். 2021-இல் கனடாவுக்குப் போக முயன்று கடலில் சிக்கிய ஈழத்தமிழர்களை அதே தீவில்தான் மூன்று வருடங்களுக்கு மேல் கூடாரத்தில் வைத்திருந்தார்கள். அந்தத் தடுத்துவைப்பு சட்டவிரோதம் என்று 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது.

"கூலிகள்தானே, உரிமையாளர்கள் இல்லையே" என்ற அந்த வாசகத்தை மனதில் வையுங்கள். மறுபடியும் அதனிடம் வரவேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டிலும் நான்கு கிலோமீட்டரைத் தாண்டும் ஓடுபாதை ஏற்கனவே இருக்கிறது. அரக்கோணத்தில், கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத்தளம் இருந்த இடத்தில் 1992 மார்ச்சில் தொடங்கப்பட்டது. நெடுந்தூரக் கடல் கண்காணிப்பு விமானங்களுக்கான தளம் அது. முன்பு ரஷ்யாவின் டியு-142, இப்போது பி-8ஐ. நிறைய எரிபொருளோடு கிளம்பிப் பல மணிநேரம் கடல்மேல் சுற்ற வேண்டிய விமானங்கள், ஆகவே அந்த நீளம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் மூழ்கி மூடப்பட்டபோது பயணிகள் விமானங்கள் இந்த ராஜாளியிலிருந்துதான் இயக்கப்பட்டன. மீனம்பாக்கம் ஏன் மூழ்கியது? அடையாற்றின் மேலேயே பாலம் கட்டி இரண்டாவது ஓடுபாதையை நீட்டியிருந்தார்கள். அந்தப் பாடம் படித்த அதே மாநிலம்தான், ஏரிகளும் கம்பன் கால்வாயும் ஓடுகிற பரந்தூரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

1,972 ஏக்கருக்கு இழப்பீடு யாருக்கு?

இப்போது சட்டத்துக்கு வருவோம். மாணவர்கள் இந்தப் பகுதியை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். கூட்டத்தில் பேசும்போது இதுதான் கைகொடுக்கும்.

2013-இல் நாடாளுமன்றம் புதிய நிலம் கையகப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. அதில் நமக்கு முக்கியமானவை மூன்று. ஒன்று, நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். இரண்டு, அரசும் தனியாரும் சேர்ந்து செய்யும் திட்டமென்றால் நிலம் இழப்போரில் 70 சதவீதம் பேரின் சம்மதம் வேண்டும். மூன்று, "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்பதில் சொந்த நிலம் இல்லாதவர்களும் உண்டு. அந்த நிலத்தை நம்பி மூன்று வருடங்களாக வாழும் விவசாயக் கூலி, குத்தகைதாரர், வாரத்துக்கு உழுபவர், கைவினைஞர் எல்லாரும் அதில் வருவார்கள். அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இன்னொன்றும் உண்டு. எந்தத் திட்டமானாலும், நிலம் இழக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் நிலத்துக்கு நிலம் தரவேண்டும். எடுத்த அளவு அல்லது இரண்டரை ஏக்கர், இதில் எது குறைவோ அது.

குறையில்லாத சட்டம் என்று சொல்ல மாட்டேன். சம்மதம் கேட்கும் இடத்தில் நிலமற்ற கூலியை அதுவும் விட்டுவிட்டது. ஆனாலும் கூலியின் பெயர் ஒரு பதிவேட்டில் ஏறுவதற்கு முதன்முறையாக வழி திறந்தது.

தமிழ்நாடு என்ன செய்தது? 2014-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, மூன்று மாநிலச் சட்டங்களை இந்த நடைமுறையிலிருந்து விலக்கியது. ஒன்று 1997-இன் தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம். இன்னொன்று 2001-இன் நெடுஞ்சாலைகள் சட்டம். மூன்றாவது எது தெரியுமா? ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காக நிலம் எடுக்கும் 1978-ஆம் ஆண்டுச் சட்டம். நமக்கு மூன்று சென்ட் வீட்டுமனை தருவதற்காக உள்ள சட்டத்தையும், ஆயிரக்கணக்கான ஏக்கரை நிறுவனங்களுக்கு எடுக்கும் சட்டத்தையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டார்கள். 2019 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது. அரசு உடனே புதுச்சட்டம் இயற்றி உயிர்கொடுத்தது. 2021 ஜூனில் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. அ.தி.மு.க. ஆட்சியில் தொடங்கியது, தி.மு.க. ஆட்சியில் பயன்படுத்தப்பட்டது. பரந்தூருக்கு நிலம் எடுப்பது அந்த 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான். அங்கே சமூகத் தாக்க மதிப்பீடும் கட்டாயமில்லை, சம்மதமும் தேவையில்லை.

மதிப்பீடு இல்லையென்றால் என்ன நடக்கும்? நில எடுப்பு அதிகாரி பட்டாவைப் பார்ப்பார். பட்டா இருப்பவன் பெயர் எழுதப்படும். நாற்று நட்டவள் பெயர் எந்தப் பக்கத்திலும் இருக்காது.

5,746 ஏக்கரில் 3,774 ஏக்கர் பட்டா நிலம். மிச்சம் 1,972 ஏக்கர் அரசு நிலம். அதாவது ஏரி, குளம், கால்வாய், மேய்ச்சல் நிலம், புறம்போக்கு. பட்டா நிலத்துக்கு ஏக்கருக்கு எவ்வளவு என்று பேரம் நடக்கிறது, தொலைக்காட்சியில் விவாதம் நடக்கிறது. அந்த 1,972 ஏக்கருக்கு இழப்பீடு யாருக்கு? யாருக்கும் இல்லை. அரசு தன் நிலத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆனால் வட தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்திலும் போய்ப் பாருங்கள். அந்தப் புறம்போக்கில் ஆடு மேய்ப்பது யார்? ஏரி வற்றும்போது மீன் பிடிப்பது யார்? வேலிகாத்தான் முள் வெட்டி அடுப்பெரிப்பது யார்? ஊரில் நிலமில்லாதவனுக்குச் சொந்தமாக இருந்த ஒரே நிலம் அதுதான். காகிதத்தில் அது அவனுக்குச் சொந்தமில்லை என்பதால், எடுக்கும்போது அவனிடம் சொல்லவும் தேவையில்லை. கூலிகள்தானே, உரிமையாளர்கள் இல்லையே.

போதாததற்கு 2023 ஏப்ரலில், சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டத்தைச் சட்டமன்றத்தில் விவாதமில்லாமல் நிறைவேற்றினார்கள். 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களில் நீர்நிலைகள் உள்ளிட்ட அரசு நிலத்தைத் திட்டத்தோடு சேர்த்துவிட அது வழிசெய்கிறது.

இது எந்த மண் என்பதையும் மறக்கக்கூடாது. காஞ்சிபுரம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதி. 1891-இல் அந்த மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். நிலமில்லாததுதான் அவர்களின் அடிமைத்தனத்துக்கு வேர் என்று காட்டினார். 1892-இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்த நிலத்தை மற்றவர்கள் வாங்கவே கூடாது என்பது நிபந்தனை. வாங்கினார்கள், பிடுங்கினார்கள், ஏமாற்றினார்கள். காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். எடுக்கப்போகும் 3,774 ஏக்கர் பட்டாவில் பஞ்சமி நிலம் இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த மாவட்டத்தில் ஒரு ஏக்கருக்கு இழப்பீடு கொடுக்கும் முன், அது 1892 ஆணையின் கீழ் யாருக்குக் கொடுக்கப்பட்ட நிலம் என்று பார்க்க வேண்டிய கடமை அரசுக்கு உண்டு. பார்க்காமல் கொடுத்தால், பிடுங்கியவனுக்கே கோடிகளைக் கொடுத்துக் கணக்கை முடிப்பதாகும்.

"அம்பேத்கரே கிராமத்தை விட்டுப் போகச் சொன்னாரே?"

நம் ஆட்களே இதைக் கேட்கிறார்கள். சாதி நாறும் கிராமம் ஒழிந்து விமான நிலையம் வந்தால் தலித்துக்கு நல்லதுதானே என்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கிண்டலடித்துவிட்டுப் போக முடியாது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் இந்தியக் கிராமத்தைப் பற்றிச் சொன்னது நமக்கெல்லாம் தெரியும். அவர் கிராமத்தைப் போற்றியவர் இல்லை. நானும் இல்லை. "விவசாயி தெய்வம்" என்று பாட்டுப் பாடும் கூட்டத்தில் எனக்கு இடமில்லை. அந்தத் தெய்வம் எங்கள் பாட்டிக்குக் கையில் தொடாமல் கூலியைத் தூக்கிப் போட்டதை நான் கேட்டு வளர்ந்தவன்.

ஆனால் பாபாசாகேப் அதற்கு முன்னால் 1947-இல் எழுதிய "மாநிலங்களும் சிறுபான்மையினரும்" என்ற ஆவணத்தை எடுத்துப் படியுங்கள். நிலம் அரசுடைமையாக வேண்டும், சாதி பார்க்காமல் கூட்டாகப் பயிரிட வேண்டும், நிலக்கிழாரும் இருக்கக்கூடாது, நிலமற்ற கூலியும் இருக்கக்கூடாது என்கிறார். பயிரிடப்படாத அரசு நிலத்தைப் பட்டியல் சாதி மக்களுக்காகப் பொறுப்பில் வைத்துத் தனிக் குடியிருப்புகள் அமைக்க ஓர் ஆணையம் வேண்டும் என்கிறார். அவர் கேட்டது எந்த நிலம்? இன்று "அரசு நிலம்தானே" என்று ஓசையில்லாமல் எடுத்துக்கொள்ளும் அதே வகை நிலம். கிராமத்தை விட்டு வெளியே வா என்றவர், கையில் நிலத்தோடும் உரிமையோடும் வா என்றார். தலையில் மூட்டையோடு நகரத்துப் பாலத்தடிக்குப் போ என்று சொல்லவில்லை.

"வேலை கிடைக்குமே" என்பது அடுத்த பதில். யார் தருவார்? மத்திய அரசின் விமான நிலைய ஆணையம் நடத்தினால் இடஒதுக்கீடு உண்டு. பரந்தூரோ தனியார் பங்கேற்போடு கட்டப்பட இருப்பது. எங்கள் திருவனந்தபுரம் விமான நிலையம் 2021 அக்டோபரில் அதானி கைக்குப் போனது. தனியார் வேலையில் இடஒதுக்கீடு கிடையாது. மிஞ்சுவது ஒப்பந்தத் துப்புரவு, பெட்டி சுமப்பது, கழிவறை. அந்த வேலைக்கு நம்மை எப்போதுமே கூப்பிடுவார்கள், அதற்குப் பரிந்துரைக் கடிதம்கூட வேண்டாம்.

சாலையில் நடக்காதே என்றார்கள்

நான் இதை எழுதுகிற அருமனை, 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் வழிவந்த ஆட்சியில் இருந்த ஊர். இங்கிருந்து ஒன்றிரண்டு மணிநேரப் பயணத்தில் வெங்ஙானூர் வந்துவிடும். 1893-இல் அங்கேதான் அய்யன்காளி வில்லுவண்டி வாங்கி, மாட்டுக்கு மணி கட்டி, தலையில் தலைப்பாகை கட்டி, பொதுச்சாலையில் ஓட்டிப் போனார். புலையர் அந்தச் சாலையில் நடக்கவே கூடாது என்ற காலம். வழிமறித்தவர்களை எதிர்கொண்டே வண்டியை ஓட்டினார். பொதுப் பணத்தில் போட்ட சாலை பொதுவானது என்பதுதான் அவர் வாதம். அவ்வளவு எளிமையான வாதத்துக்கு இரத்தம் சிந்த வேண்டியிருந்தது.

அன்றைக்குச் சாலையில் கால் வைக்காதே என்றார்கள். இன்றைக்கு நாட்டின் மிக அகலமான சாலைக்காக வீட்டைக் காலிசெய் என்கிறார்கள். இரண்டு இடத்திலும் நம்மிடம் கேட்காமலே முடிவு எடுத்தார்கள்.

ஏகனாபுரத்து மக்கள் 2022 முதல் மாலை நேரங்களில், பகல் வேலையை முடித்துவிட்டுக் கூடிப் போராடுகிறார்கள். கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு கொள்கை அளவிலான ஒப்புதலைக் கொடுத்தது. பிடிவாதத்தால் பயனில்லை என்பவர்களுக்கு ஜப்பானின் நரிடாவைச் சொல்லுங்கள். 1966-இல் விவசாயிகளைக் கேட்காமலே இடத்தை அறிவித்தார்கள். சன்ரிசூக்கா கிராமத்தவரும் மாணவர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். 1971-இல் மூன்று காவலர்கள் இறந்தார்கள், போராட்டத்தின் பக்கமும் உயிர்கள் போயின. அந்த வன்முறையை நான் முன்மாதிரியாகச் சொல்லவில்லை. ஆனால் 2002-இல் இரண்டாவது ஓடுபாதை திறந்தபோது, 2,500 மீட்டர் திட்டமிட்ட இடத்தில் 2,180 மீட்டர்தான் போட முடிந்தது. நிலத்தைக் கொடுக்க மறுத்த சில குடும்பங்கள் உலகின் பணக்கார நாடு ஒன்றின் ஓடுபாதையை 320 மீட்டர் குறைத்தார்கள்.

பரந்தூர் ஆதரவுப் போராட்டத்துக்குப் போகும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். நாமும் பட்டாதாரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போகக்கூடாது. மேடையில் "விவசாயிகள்" என்று சொல்லும்போது அதில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பாருங்கள். போகிற ஊரில் காலனிக்குள் போங்கள். வீடு வீடாகக் கணக்கு எடுங்கள்: எத்தனை பேர் கூலி, எத்தனை பேர் குத்தகை, எத்தனை ஆடு மாடு, எந்த ஏரியில் மீன், எந்தப் புறம்போக்கில் எத்தனை வருட வீடு. அரசு செய்ய மறுத்த சமூகத் தாக்க மதிப்பீட்டை நாம் செய்துகாட்டுவோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு, யு.டி.ஆர். கணக்கெடுப்புக்கு முந்தைய நிலப் பதிவேட்டையும் இன்றைய "அ" பதிவேட்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த சர்வே எண்ணில் பஞ்சமி என்ற நிபந்தனை காணாமல் போயிருக்கிறது என்று தெரியும். இரண்டாம் அட்டவணையின் நிலத்துக்கு நிலம் என்ற உரிமையை எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஹீத்ரோவுக்கு 3,000 ஏக்கர் போதுமென்றால் இங்கே 5,746 எதற்கு என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள்.

அந்தத் தம்பிக்கு நேற்று போன் போட்டு இந்தக் கணக்கைச் சொன்னேன். கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணே, அந்த 1,972 ஏக்கருக்கு யாரும் கேஸ் போடலையா?" என்றான். இந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. அடுத்த மாதம் இரண்டு பேரும் காஞ்சிபுரம் போகிறோம். வருகிறவர்கள் சொல்லுங்கள், நாகர்கோவிலிலிருந்து ரயிலில் சேர்ந்தே போகலாம்.

ஜெய் பீம்.